தட்டு வெளியே வரும் நேரம்

கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் பயன்படுத்தும் நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கட்டத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "நீங்க எப்படி இதுக்குள்ள வந்தீங்க?" ஒருவர் பல்கலைக்கழக ஆய்வகத்தைச் சொல்வார். இன்னொருவர் தன் இறுதியாண்டு ஆய்வேட்டை வைரஸ் தின்ற கதையைச் சொல்வார். கணினி சஞ்சிகையோடு வந்த இலவச சிடி குறுந்தட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லார் முகமும் மலர்ந்துவிடும். என் முறை வரும்போது, "வீட்டுல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்வேன்.

அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கணினி வீட்டுக்கு வந்த புதிதில், பொழுது சாய்ந்தால் நாங்கள் யாரும் அந்த அறைப் பக்கம் போகமாட்டோம் என்பதை நான் சொன்னதில்லை. தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. இனிமேல் சொன்னால் என்ன என்று தோன்றுகிறது.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டினார். அம்மா பள்ளிக் கேண்டீனில் வேலை செய்தார். நான் ஆறாம் ஆண்டுத் தேர்வு எழுதிவிட்டு இடைநிலைப் பள்ளிக்குக் காத்திருந்த ஆண்டிறுதி விடுமுறை அது. மழை விட்டு விட்டுப் பெய்யவில்லை, விடாமல் பெய்தது. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். துணியெல்லாம் காயாமல் ஒருவித புளித்த வாடை. தோட்டத்துப் பக்கமிருந்து தவளைச் சத்தம் பகலிலேயே கேட்கும்.

அந்தத் தீபாவளி முடிந்த கொஞ்ச நாளில் சித்தப்பா இறந்துபோனார். அப்பாவின் ஒரே தம்பி. ஜொகூர் பாருவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவார். ஒரு காலை, பாலத்துக்குப் போகும் சாலையில் பின்னால் வந்த லாரி மோதிவிட்டது. "நான் ஹார்ன் அடிச்சுக்கிட்டேதான் வந்தேன், அவர் நகரவே இல்லை" என்று லாரிக்காரர் போலீஸில் அழுதாராம். தூங்கியிருப்பார் என்றார்கள் சிலர். குடித்திருப்பார் என்றார்கள் வேறு சிலர். சித்தப்பா குடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவரைப் பற்றி உறவில் ஒரு பேச்சு எப்போதும் உண்டு: திமிர் பிடித்தவர், கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், நாலு வார்த்தை பேசினால் ஒரு வார்த்தைக்குத்தான் பதில் வரும் என்று.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அப்பா லாரியை எடுத்துக்கொண்டு போய், சித்தப்பாவின் மனைவியான சின்னம்மாவைக் கூட்டி வந்தார். பிள்ளை இல்லை. இரண்டு பை, ஒரு மின்விசிறி, போர்வையில் சுற்றிய சித்தப்பாவின் கணினி. அவ்வளவுதான் வந்தது. தொலைபேசி இருந்த பக்கத்து அறையில் கணினியை வைத்து, சித்தப்பா வீட்டில் எந்த ஒயர் எதில் சொருகியிருந்ததோ அப்படியே அப்பா சொருகினார். தொலைபேசி ஒயரும் அதற்குள் போய்த்தான் வெளியே வந்தது.

பொத்தானை அழுத்தியபோது பள்ளிக் கணினியில் வருவது போல வண்ணப் படமோ ஜன்னலோ வரவில்லை. கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்துகள் மழை மேல்நோக்கிப் பெய்வது போல ஏறி ஏறிப் போயின. பிறகு நின்றன. கடைசி வரியில் சித்தப்பாவின் பெயர், ஆங்கிலத்தில். அடுத்து, வட்டத்துக்குள் மாட்டிய 'a' மாதிரி ஒரு குறி. அதற்கடுத்து இன்னொரு பெயர்.

"சின்னம்மா, உங்க பேரு!" என்றேன்.

அவர் திரைக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். "என் பேரா? ஏன்டி என் பேரு இதுல இருக்கு?"

"நீங்க பார்த்ததே இல்லையா?"

"நான் அது பக்கமே போனதில்ல. வேலை முடிஞ்சு வந்தா சமைக்கவே நேரம் சரியா இருக்கும்."

இரண்டு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் மினுக்கிக்கொண்டே இருந்தது. எதற்கோ காத்திருப்பது போல.

அன்று அந்திப் பொழுதில் அம்மா சாமி விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். யாரும் தொடாமல் கணினியின் முகப்பிலிருந்து குறுந்தட்டு வைக்கும் தட்டு மெல்ல வெளியே வந்தது. அதில் ஒன்றுமில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது. திரை முழுதும் ஒரு கணம் வெளுத்தது, மின்னல் வெட்டியது போல. மறுபடி வெளுத்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டு தானாக உள்ளே போய்விட்டது.

"என்னாடி நோண்டுற அங்க?" என்றார் அம்மா.

"நான் தொடவே இல்லம்மா."

மறுநாளும் அதே நேரத்தில் வந்தது. அதற்கு மறுநாளும். மூன்றாவது முறை சின்னம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் எப்படி மாறியது என்று சொல்ல எனக்கு இன்றும் வார்த்தை கிடைக்கவில்லை. பயம் இல்லை அது.

"அக்கா," என்றார் அம்மாவிடம், மெதுவாக. "இது அவரு என்னைக் கூப்பிட வர கிளம்புற நேரம்."

சின்னம்மா வேலை செய்த தொழிற்சாலையின் பஸ் அவரை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போகும். அங்கிருந்து வீட்டுக்கு வரும் பாதையில் நாய்கள் அதிகம். மதியமே வேலை முடிந்து திரும்பிவிடும் சித்தப்பா, தினமும் மோட்டார் சைக்கிளில் போய் அவரைக் கூட்டி வருவாராம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் உலகமே மறந்துபோகும் மனிதர், அதற்கு மட்டும் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லையாம்.

அன்றிலிருந்து சின்னம்மா பொழுது சாயும் முன்னே தலை வாரி, முகம் கழுவி, பவுடர் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார ஆரம்பித்தார். வீட்டுக்குள் செருப்பு. அம்மா பார்த்துவிட்டு விளக்கை ஏற்றப் போய்விடுவார். தட்டு வரும். திரை வெளுக்கும். அந்த வெள்ளை வெளிச்சத்தில் சின்னம்மாவின் முகம் தெரியும், புன்னகையோடு. தட்டு உள்ளே போனதும் அவர் எழுந்து செருப்பைக் கழற்றி வைப்பார்.

இன்னொன்றும் நடந்தது. தொலைபேசி மணி அடித்தால், விசைப்பலகையின் மூலையிலிருந்த மூன்று பச்சை விளக்குகளும் சேர்ந்து துடிக்கும். மணி நின்றால் அவையும் அடங்கும். அம்மா தொலைபேசியை எடுப்பதையே விட்டுவிட்டார். மழையில் மின்சாரம் போய் வந்தாலோ, எல்லா விளக்குக்கும் முன்னால் அந்தக் கணினி தானே விழித்துக்கொண்டு எழுத்துகளை ஏற்றத் தொடங்கும்.

செய்தி கேட்டுப் பொந்தியானிலிருந்து அத்தை வந்தார். அப்பாவுக்கு அக்கா. சித்தப்பாவைத் தூக்கி வளர்த்தவர், அவருக்குப் பெண் பார்த்துக் கட்டி வைத்தவரும் அவர்தான். கூடவே ஒரு பூசாரியையும் அழைத்து வந்திருந்தார். பூசாரி கணினியைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினார், கண்ணாடியில் குங்குமம் வைத்தார், மந்திரம் சொல்லி ஒரு எலுமிச்சம்பழத்தை விசைப்பலகை மேல் வைத்தார். பழம் ஏதோ ஒரு விசையை அழுத்தியிருக்க வேண்டும். திரை வெளுத்தது. வெளுத்தது, வெளுத்தது, வெளுத்துக்கொண்டே இருந்தது. பூசாரி பின்னால் நகர்ந்து என் காலை மிதித்துவிட்டார்.

"ஆசை அடங்காம வந்திருக்கு," என்றார் வெளியே போய் நின்று. "மனைவியைக் கூப்பிடுது."

அத்தை சின்னம்மா காதில் விழும்படியே சொன்னார்: "காலங்காத்தால சண்டை போட்டு அனுப்பி வச்சா, எந்த ஆம்பளதான் ரோட்டைப் பார்த்து ஓட்டுவான்? பாவம் என் தம்பி, மனசு நொந்து போயிருக்கான்."

அன்று சமையலறையில் அம்மாவிடம் சின்னம்மா சொன்னதை நான் கேட்டேன்.

"சண்டை உண்மைதாங்க்கா. ஒண்ணுமில்லாத விசயம், வீட்டுச் சாவி எங்கன்னு. பேசிட்டே இருக்கேன், பதிலே சொல்லாம வண்டியைத் தள்ளிட்டு வெளிய போறாரு. எனக்கு மனசு கேக்கல. வாசல் கேட்டுல நின்னு கூப்பிட்டேன். ரெண்டு தடவை கூப்பிட்டேங்க்கா. திரும்பியே பார்க்கல. அவ்வளவு கோவம் என் மேல."

அதன் பிறகு ஒரு நாள் தட்டு உள்ளே போனதும் அவர் செருப்பைக் கழற்றவில்லை. நாங்கள் கவனிப்பதற்குள் மழையில் இறங்கிப் போய்விட்டார். அப்பா குடையைக்கூட எடுக்காமல் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ரயில் பாதையில், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே, கட்டை மேல் சின்னம்மா நின்றுகொண்டிருந்தார். குளுவாங் ஊர்ப் பக்கம் பார்த்தபடி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல. ஸ்டேஷனிலிருந்து ஒருவர் மலாயில் கத்திக்கொண்டே கையை ஆட்டினார். அப்பா சின்னம்மாவைத் தோளைப் பிடித்து இழுத்து வந்த கொஞ்ச நேரத்தில் ரயில் போனது. அதன் காற்றில் மழை எங்கள் முகத்தில் சாய்வாக அறைந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ற?" அப்பா தோளை விடாமலே கேட்டார்.

"இந்த ஊருல அவரு எங்க வந்து நிப்பாருன்னு தெரியலைங்க மாமா," என்றார் சின்னம்மா. "அதான் ரோட்டுக்குப் போகலாம்னு வந்தேன்."

வரும் திங்கட்கிழமை அந்தக் கணினியைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவதென்று அப்பா முடிவு செய்தார். சின்னம்மா அமைதியாகச் சொன்னார்: "அதை எடுத்தீங்கன்னா நானும் போயிருவேன்." எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு அந்தக் கணினி மேல் பயம்தான். ஆனால் பகலில் வீட்டில் ஆளில்லாத போது அதன் முன்னால் போய் உட்காராமலும் இருக்க முடியவில்லை. அதன் மௌனம் என்னை இழுத்தது. ஒரு நாள் தெரியாமல் மேல்நோக்கிய அம்புக்குறி விசையில் விரல் பட்டது. நான் எழுதாத ஒரு வரி, அந்த இரண்டு பெயருக்குப் பக்கத்தில், முழுசாக வந்து நின்றது. நாற்காலியோடு பின்னால் போனேன். நெஞ்சு அடங்கியதும் மறுபடி அழுத்தினேன். இன்னொரு வரி. மறுபடி, வேறொன்று. ஒவ்வோர் அழுத்தலுக்கும் யாரோ பின்னோக்கி நடப்பது போல வரிகள் வந்தன. சித்தப்பா கடைசியாக எழுதியவை. இறந்த மனிதரின் விரல்கள் போன வழியில் நான் போய்க்கொண்டிருந்தேன். வெளியே மழை. எனக்கு அழுகை வந்தது. நிறுத்தத்தான் முடியவில்லை.

லினக்ஸ் பழகிய உங்களுக்கு இதெல்லாம் தெரியும். பன்னிரண்டு வயதில், லாயாங் லாயாங்கில், எனக்குச் சொல்ல ஆளில்லை. அந்த வரிகளில் 'man' என்ற சொல் அடிக்கடி வந்தது. நானும் அதை எழுதி, பக்கத்தில் புரியாத சொல்லைப் போட்டேன். பக்கம் பக்கமாக விளக்கம் வந்தது. பள்ளியில் பரிசாகக் கொடுத்த அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒருமுறை எழுதியதைத் திருத்தும் நிரலுக்குள் போய் மாட்டிக்கொண்டு, வெளியே வரத் தெரியாமல் மின்சாரத்தையே அணைத்தேன். நீங்கள் சிரிப்பீர்கள், நாம் எல்லாரும் ஒரு காலத்தில் அதற்குள் மாட்டியவர்கள்தானே.

அப்படித்தான் அந்த வரியைக் கண்டுபிடித்தேன். குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய் என்று கணினிக்குச் சொல்லி வைக்கும் வரி. நேரத்தைப் பார்த்தேன். அந்திப் பொழுது. வேலையைப் பார்த்தேன். eject. அகராதியில் தேடினேன்: வெளியே தள்ளு. எதுவும் பூட்டி வைக்கப்படவில்லை. படிக்கத் தெரிந்த யாரும் திறந்து படிக்கும்படி எல்லாம் அங்கேயே இருந்தது. பேய் என்று நாங்கள் நடுங்கியது ஒரு விரல் நீள வரி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரையும் கூப்பிட்டேன். "இது பேய் இல்ல. நான் காட்டுறேன்."

"அலமாக், ஐயோ, அதைத் தொடாதலா!" என்று அம்மா கத்தினார். அதற்குள் நான் நேரத்தை மாற்றி எழுதிவிட்டேன். கொஞ்ச நேரத்தில், பட்டப்பகலில், எங்கள் கண் முன்னே தட்டு வெளியே வந்தது. திரை வெளுத்தது. தட்டு உள்ளே போனது.

"பார்த்தீங்களா? சின்னம்மாவைக் கூப்பிடப் போற நேரம் மறக்கக்கூடாதுன்னு சித்தப்பா எழுதி வச்சதுதான். அது பாட்டுக்குச் செய்யுது."

அப்பா நீளமாக மூச்சு விட்டார். நான் பெருமையாகத் திரும்பிச் சின்னம்மாவைப் பார்த்தேன். அவர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான், நான் அவரிடமிருந்து எதை எடுத்துவிட்டேன் என்று லேசாகப் புரிந்தது.

"அப்போ அவரு வரல," என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. பச்சை விளக்குகள் துடித்தன.

"இதுவும் அவரு எழுதினதுதான் சின்னம்மா," என்றேன் அவசரமாக, என்ன சொல்வதென்று தெரியாமல். "போன் அடிச்சா லைட் எரியணும்னு."

அப்பா தொலைபேசியை எடுத்தார். அத்தை. சின்னம்மா விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன் பக்கத்துலதானே இருந்துச்சு அந்த வீட்டுலயும்," என்றார். "கைக்கு எட்டுற தூரம். அதுக்கு எதுக்கு லைட்டு?"

"தெரியல. எதையாவது தப்பா எழுதினா நம்ம ஸ்கூல் கம்ப்யூட்டர் 'பீப்'னு கத்தும். இது கத்தாது. அதுக்குப் பதிலா வெளிச்சம்தான் வரும். அப்படி மாத்தி வச்சிருக்காரு. சத்தமே வேணாம்னு."

சின்னம்மாவின் கை தரையில் எதையோ தேடுவது போல நகர்ந்தது.

"இருட்டுல பேசினா பதில் வராது," என்றார் தனக்குள். "தூங்கிட்டாருன்னு நெனைப்பேன். நான் பேசும்போது என் வாயையே பார்ப்பாரு. கேலி பண்ணுவேன். ஃபேக்டரியில காது டெஸ்ட்டுன்னாங்க, அன்னிக்கு லீவு போட்டாரு. காய்ச்சல்னாரு..." நிறுத்தினார். "அக்கா, அவருக்குக் காது கேக்கல."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்த லாரிக்காரன் ஹார்ன் அடிச்சேன்னு சொன்னானே. நான் கேட்டுல நின்னு..." சின்னம்மா எழுந்தார். நேராகப் போய் அப்பா கையிலிருந்த ரிசீவரை வாங்கினார். "அண்ணி, அவருக்குக் காது கேக்கலைங்களா?"

மறுமுனையில் அத்தை பேசினார். ரொம்ப நேரம் பேசினார். சின்னம்மா "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "இதை நீங்க எங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம் அண்ணி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரிசீவரை அதன் இடத்தில் வைத்தார்.

"சின்ன வயசுலேயே ஒரு காது போயிருச்சாம்," என்றார் எங்களிடம். "சொன்னா கல்யாணம் நின்னுடும்னு மறைச்சாங்களாம். எங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அவருகிட்ட சத்தியம் வாங்கினாங்களாம். இன்னொரு காதும் போனது அவங்களுக்குமே தெரியாதாம்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அந்த ஒரு காதைப் பற்றித் தெரிந்திருக்குமோ என்று இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது. நான் கேட்டதில்லை.

கணினி இரும்புக் கடைக்குப் போகவில்லை. பள்ளி திறந்ததும் சின்னம்மா ஜொகூர் பாருவுக்கே வேலைக்குத் திரும்பினார். போகும்போது அதை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். நான் இன்றுவரை லினக்ஸை விட்டு வேறு எதற்கும் மாறாததற்குக் காரணம் என்று கேட்டால், அந்த இரண்டு பேரைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் இன்னும் முடிக்கவில்லை. சாயங்காலம் சின்னம்மா வந்து என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலில் செருப்பு இல்லை.

"இதைச் சத்தம் போட வைக்க முடியுமாடி உன்னால?"

ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. கண்ணுக்கு என்றிருந்ததை அழித்து, காதுக்கு என்று எழுதினேன். பிறகு வேண்டுமென்றே தப்பான விசையை அழுத்தினேன். கணினியின் வயிற்றுக்குள்ளிருந்து, அது எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக, மெல்லிய ஒரு 'பீப்' வந்தது. சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை அடி."

அடித்தேன். "நிறுத்தாத" என்றார். அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்னா சத்தம் அங்க?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டார்.

அத்தனை நாளும் தாழ்ந்த குரலிலேயே பேசிக்கொண்டிருந்த சின்னம்மா, அப்போதுதான் வாய்விட்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"கேக்குதாக்கா?"

"கேக்குது," என்றார் அம்மா. "இங்க வரைக்கும் நல்லாவே கேக்குது."